புதுப்பிப்பு: எழுத்து வரைய ஊக்கம் தேடிய கதை

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: தமிழ் எழுத்துகளைக் கையால் வரைகிறேன், கைப்பேசியில் பார்த்ததே திரும்பத் திரும்ப வருகிறது, என்ன செய்யலாம் என்று. "ஊரைச் சுற்றிப் பாருங்கள்" என்றார் ஒருவர். சரி, கிளம்பினேன்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் பூட்டிக் கிடக்கும் பழைய மளிகைக் கடை. அதன் தகரப் பலகையில் 'விலை' என்ற சொல், பழைய லையோடு! யானை துதிக்கையைத் தூக்கியது போல ல-வோடு ஒட்டிய சுழி. 1978-ல் தமிழ்நாட்டு எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறிய 13 எழுத்துகளில் இதுவும் ஒன்று. கிட்டப் போய்ப் பார்த்தேன். சுழி திரும்பும் இடத்தில் சாயம் தடித்திருக்கிறது, தூரிகை மயிர் இழுத்த கோடுகள் அப்படியே தெரிகின்றன. அடியில் பென்சில் கோடுகூட அழியவில்லை.

அப்புறம் தட்டைத் தூரிகை ஒன்று வாங்கி, பழைய நாளிதழ் மேல் அந்த ஒரு லையை மட்டும் மூன்று நாள் எழுதினேன். மூன்றாம் நாள்தான் மணிக்கட்டை விட்டுவிட்டுத் தோளிலிருந்து இழுக்கக் கை பழகியது. இப்போது அக்கா கல்யாணப் பத்திரிகைக்கு அதே சுழியை வைத்துப் பெயர்கள் வரைகிறேன்.

உங்கள் ஊரில் இப்படிப் பலகை இருந்தால், பெயிண்ட் அடிப்பதற்குள் படம் எடுத்துப் போடுங்கள்.