மறு: கமென்ட் சுட்டிக்கு என்ன சொல், அதை எங்கே வைப்பது?

வணக்கம். வலைப்பதிவில் கமென்ட்டுக்குக் கூட்டிப்போகும் சுட்டியை (லிங்க்) தமிழில் எப்படி எழுதுவது என்ற பேச்சில், நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில் கீழே.

> ‘பின்னூட்டம்’ பழகிப்போன சொல். அதையே வைத்துக்கொள்வோமே, எதற்கு இன்னொன்று?

பழகியது உண்மைதான் ஐயா, நானும் பல வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் அது ‘ஃபீட்பேக்’ என்ற பொறியியல் சொல்லுக்காக வந்தது. வெளியே வருவதில் ஒரு பங்கைத் திரும்பவும் உள்ளே அனுப்புவது. ஸ்பீக்கர் முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் ‘கீ’ என்று கத்துகிறதே, அதுதான் அசல் பின்னூட்டம். (சில பதிவுகளின் அடியில் நடப்பதும் அதுதானே என்பீர்கள். சரி.)

இன்னொரு சிக்கல் நீளம். நேற்று என் வலைப்பதிவு வார்ப்புருவில் (டெம்ப்ளேட்) தலைப்புக்குக் கீழே, தேதியை ஒட்டி ‘12 பின்னூட்டங்கள்’ என்று போட்டுக் கைப்பேசியில் திறந்து பார்த்தேன். 12 ஒரு வரியில் நின்றது, மீதி அடுத்த வரியில் போய் விழுந்தது. அதற்குப் பதில் ‘12 மறுமொழி’ என்று போட்டேன், ஒரே வரியில் அடங்கியது. ‘கள்’ எங்கே என்று கேட்காதீர்கள். பத்து மாடு, நாலு தேங்காய் என்றுதானே சொல்கிறோம்? பால்பகா அஃறிணைப் பெயர், அதாவது ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்பது. முன்னால் எண் நின்றாலே பன்மை விளங்கிவிடும். மொழிபெயர்ப்புக் கோப்பு ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனிச் சரம் (திரையில் வரும் சொற்றொடர்) கேட்டால் இரண்டிலும் இதையே ஒட்டிவிடலாம்.

> மேலேயா கீழேயா என்பது வடிவமைப்பாளர் பாடு. நமக்குச் சொல் மட்டும் போதும்.

இங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. மேலே பார்க்கிறவர் இன்னும் பதிவைப் படிக்கவே இல்லை. பேச்சு சூடாக நடக்கிறதா என்று தெரிந்தால் போதும் அவருக்கு. அடி வரை வந்தவர் படித்து முடித்துவிட்டார், கை துறுதுறுக்கிறது. அவரிடம் எண்ணைக் காட்டி என்ன செய்ய? வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸில் இந்த வித்தியாசம் ஏற்கெனவே இருக்கிறது. மறுமொழி ஒன்றுமே இல்லாதபோது சுட்டியைத் தட்டினால் எழுதும் பெட்டிக்குப் போகும், முகவரியின் வாலில் ‘#ரெஸ்பாண்ட்’ என்று வரும். ஒன்று விழுந்துவிட்டால் அதே சுட்டி ‘#கமென்ட்ஸ்’ என்று மாறி, பட்டியலின் தலைக்குக் கூட்டிப்போகும். வேலை இரண்டு, சுட்டி ஒன்று.

அதனால் மேலே ‘12 மறுமொழி’, கீழே ‘மறுமொழி எழுதுக’. ‘இடுக’ வேண்டாம், விண்ணப்பப் படிவ வாடை அடிக்கிறது. ஒன்றும் வராதபோது மேலே எதையும் காட்டக்கூடாது. ‘0 மறுமொழி’ என்று போடுவது, இன்னும் போணி ஆகவில்லை என்று கடை வாசலில் பலகை மாட்டுகிற மாதிரி.

> பொதுப்பெயராக ‘மறுமொழித் தொடுப்பு’?

தயவுசெய்து வேண்டாம். ‘அவனுக்கு அங்கே ஒரு தொடுப்பு’ என்றால் எங்கள் பக்கம் அர்த்தமே வேறு. ‘இணைப்பு’ என்றால் மின்னஞ்சலோடு வரும் கோப்பும் அதுதான். ‘சுட்டி’யில் மவுசும் பங்கு கேட்கும், ஆனால் இந்த இடத்தில் யாரும் குழம்ப மாட்டார்கள். ‘மறுமொழிச் சுட்டி’க்கே என் வாக்கு. அதுவும் நம் ஆவணத்துக்கு மட்டும். வாசகர் கண்ணில் பட வேண்டியதில்லை.

அப்புறம், ஒருவருடைய மறுமொழிக்கு அடியில் வரும் ‘ரிப்ளை’ பொத்தானுக்கு ‘பதில்’ என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், அதற்கப்புறம்தான் கோப்பை ஏற்றுவேன்.