மறு: மினுங்கும் குருட்டுப்புள்ளியா, வேறு சொல்லா?

நண்பர்களுக்கு வணக்கம். பார்வைப் பரப்பில் ஒரு பகுதி தெரியாமல் போவது ஸ்கோட்டோமா. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பலருக்கு அது மினுங்கும் ஓரத்தோடு வந்து போகும், அதுதான் சிண்டிலேட்டிங் ஸ்கோட்டோமா. இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ஸ்கோட்டோமா = குருட்டுப்புள்ளி. சிண்டிலேட்டிங் ஸ்கோட்டோமா = மினுங்கும் குருட்டுப்புள்ளி. இதோடு முடித்துக்கொள்ளலாமே?

வேண்டாம் என்கிறேன். குருட்டுப்புள்ளி பள்ளிப் பாடநூலிலேயே இருக்கும் சொல். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடம் அது, எல்லாருக்கும் பிறவியிலேயே உண்டு, இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடும். நாம் பெயர் தேடுவதோ வந்து போகிற ஒன்றுக்கு. அது நகரும், வளரும், இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்தில் தெரியும், கண்ணை மூடினாலும் போகாது, ஏனென்றால் அது கண்ணில் நடப்பதே இல்லை, மூளையின் பிடரி மடலில் நடக்கிறது.

எனக்கு முதலில் வந்தபோது மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். "மருத்துவம்" என்ற சொல்லில் "த்து" இல்லை. அச்சுப்பிழை என்று பேனாவைக் கொண்டுபோனால், பார்வை கொஞ்சம் நகர்ந்ததும் "த்து" இருக்கிறது, அடுத்த சொல்லில் ஓர் எழுத்தைக் காணோம். அந்த இடம் கறுப்பாகவும் இல்லை, வெள்ளையாகவும் இல்லை, தாள் தாளாகவே இருந்தது, எழுத்து மட்டும் இல்லை. ஐந்து நிமிடத்தில் அதன் ஓரமாக ரம்பப் பல் போல ஒரு வளைவு, ஒவ்வொரு பல்லும் படபடவென்று மினுங்கிக்கொண்டு. வலக்கண்ணைப் பொத்தினேன், இடக்கண்ணைப் பொத்தினேன், இரண்டிலும் அதே இடத்தில்தான் இருந்தது. இருபத்தைந்து நிமிடம் போல விரிந்துகொண்டே போய் இடது விளிம்பைத் தாண்டி மறைந்தது, அப்புறம் தலைவலி. கண்ணாடிக் கடையில் பவர் மாறியிருக்கிறது என்று புதுக் கண்ணாடி கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து ஒரு நரம்பியல் மருத்துவர்தான் வெள்ளைத் தாளைக் கொடுத்து வரையச் சொன்னார், பார்த்ததும் ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்தது என்றார். அதுவரை என்னிடம் இருந்த ஒரே சொல் "கண்ணுல பூச்சி பறக்குது". மயக்கம் வருமுன் தெரிவதற்கும் அதே சொல், கண்ணுக்குள் இருக்கும் கூழில் மிதக்கும் தும்புக்கும் அதே சொல். கேட்டவர்கள் எல்லாரும் இரத்தச்சோகையாக இருக்கும், நன்றாகச் சாப்பிடு என்றார்கள்.

இனி சொல்லுக்கு வருகிறேன். 1870இல் ஹியூபர்ட் ஏரி என்ற ஆங்கிலேய மருத்துவர் தனக்கு வந்ததையே படிப்படியாக வரைந்து வெளியிட்டார். வானியலாளரான அவருடைய தந்தைக்கும் இது உண்டு. 1941இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி தன் பார்வையில் அந்த வளைவு நகர்வதை நேரம் குறித்து வரைந்து, மூளைப்புறணியில் (மூளையின் மேலடுக்கில்) நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஏதோ பரவுகிறது என்று கணக்கிட்டார். மூன்றே ஆண்டில் பிரேசில் நாட்டு உடலியலாளர் அரிஸ்டிடஸ் லெயாவ் முயலின் மூளைப்புறணியில் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஊர்ந்துபோகும் ஓர் அலையைக் கண்டார். அலையின் முன்விளிம்பில் நரம்பணுக்கள் கிளர்ந்தெழுகின்றன, அது கடந்துபோன பின் சிறிது நேரம் அடங்கிக் கிடக்கின்றன. கிளர்ச்சி நமக்கு மினுக்கமாகத் தெரிகிறது, அடக்கம் எழுத்தைக் காணாமல் செய்கிறது. ஆக மினுக்கம், மறைவு இரண்டுமே பெயரில் இருந்தாக வேண்டும், ஒன்றை விட்டால் பாதி நோய்தான் பெயரில் இருக்கும்.

> ஒளிர் இருள்பொட்டு எப்படி? கிரேக்க வேருக்கு இருள் என்றுதானே பொருள்.

வேர்ப்பொருள் சரிதான். ஆனால் மேலே சொன்னபடி அங்கே இருள் இல்லை. இன்னொன்று, ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று திரை விழுந்ததுபோல் இருட்டுவது இரத்த ஓட்டம் தடைப்படுவதால் வரலாம், பக்கவாதத்துக்கு முன்னெச்சரிக்கையாகவும் இருக்கலாம், அப்படி வந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இரண்டுக்கும் "இருள்" என்று பெயர் வைத்தால் நோயாளியும் குழம்புவார், கேட்கிற மருத்துவரும் குழம்புவார். (முதல் முறை வருகிறவர்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறவர்கள், கை கால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ சேர்ந்து வருகிறவர்கள் எதையும் தாங்களே முடிவு செய்யாமல் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.)

என் பரிந்துரை: ஸ்கோட்டோமாவுக்கு மறைதிட்டு, சிண்டிலேட்டிங் ஸ்கோட்டோமாவுக்கு மினுங்கு மறைதிட்டு. புள்ளி என்றால் அசையாமல் சின்னதாக இருப்பது மனதில் வருகிறது. தோலில் வெள்ளைத் திட்டு, ஆற்றில் மணல் திட்டு என்று சொல்லும்போது ஓரம் ஒழுங்கில்லாமல் பரவக்கூடிய ஒன்று கண்முன் வருகிறது, எனக்கு வேண்டியது அதுதான். வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது, மறைத்திட்டு என்று எழுத வேண்டாம்.

அந்த ரம்ப வளைவுக்குத் தனிச்சொல் வேண்டும். ஏரி அதைக் கோட்டை மதிலோடு ஒப்பிட்டுத்தான் கிரேக்கத்தில் பெயர் வைத்தார். யாழ்ப்பாணக் கோட்டையின் வான்படத்தைப் பார்த்திருந்தால் புரியும், கொத்தளங்கள் முனை முனையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கோட்டைக் கொத்தளத்தில் கொடியேற்றினார் என்று ஆண்டுதோறும் செய்தியில் கேட்கிற சொல்தான். ஆகவே கொத்தளக்கோடு.

ஒற்றைத் தலைவலியை ஒட்டி இப்படி வந்துபோகும் அறிகுறிகளுக்கு ஆங்கிலத்தில் ஆரா என்று பொதுப்பெயர். அதை ஒளிவட்டம் என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து கைவிடுவோம். விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவது கண் அழுத்த நோய், கண்புரை இவற்றின் அறிகுறி. முன்னறிகுறியும் பொருந்தவில்லை, தலைவலியே வராமல் இது மட்டும் வந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள், கொட்டாவி, கழுத்திறுக்கம் என்று முந்தின நாளே தொடங்குவது வேறு கட்டம். நல்ல சொல் கிடைக்கும்வரை ஆரா என்றே எழுதலாம் என்பது என் கருத்து.

விஷுவல் ஸ்னோவைத் தனி இழையில் பேசுவோம். அது வந்து போவதில்லை, பழைய தொலைக்காட்சியில் சிக்னல் இல்லாதபோது தெரியும் பொடிப்புள்ளி போல எந்நேரமும் இருப்பது. பனி என்று மொழிபெயர்த்தால் நம்மவர்கள் மங்கல் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இலங்கை மருத்துவர்கள் யாராவது குழுவில் இருந்தால், அங்கே மறைதிட்டுக்கு முன்பே வேறு சொல் புழங்குகிறதா என்று சொல்லுங்கள். இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் வரும் ஞாயிறு மூன்றையும் விக்சனரி இணைய அகராதியில் பதிகிறேன்.