மறு: நாத்திகர் வகைகள் – "எதிர்மறை நாத்திகம்" வேண்டாமே

வணக்கம் நண்பர்களே,

கடவுள் நம்பிக்கை இல்லாதவங்களைக் குறிக்கிற ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் பட்டியல் போடுற இந்த இழையை முதல்லேருந்து படிச்சிட்டு வர்றேன். நம்புறது, தெரியுறது, வாழ்க்கையில எதை மதிக்கிறது, இந்த மூணையும் ஒரே சொல்லுக்குள்ள அடைக்கப் பாக்குறதாலதான் சொல் அமைய மாட்டேங்குதுன்னு எனக்குப் படுது. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

> நெகட்டிவ் அத்தீயிசம் – எதிர்மறை நாத்திகம்
> பாசிட்டிவ் அத்தீயிசம் – நேர்மறை நாத்திகம்

ஐயா, இதை மட்டும் தயவுசெஞ்சு பட்டியல்ல ஏத்த வேண்டாம். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஆன்டனி ஃப்ளூ 1972-ல இந்தப் பிரிவைச் சொன்னப்போ நெகட்டிவ்னா கடவுள் உண்டுங்கிற நம்பிக்கை இவர்கிட்ட இல்லை, அவ்வளவுதான். கடவுள் இல்லவே இல்லைன்னு அடிச்சுச் சொல்றவர்தான் பாசிட்டிவ். ஆனா தமிழ்ல "எதிர்மறை நாத்திகர்"னு படிச்சா மதத்தோட மல்லுக்கு நிக்கிறவர்னு தோணும், "நேர்மறை நாத்திகர்"னா யார் வம்புக்கும் போகாத சாந்தமான ஆள்னு தோணும். அர்த்தம் அப்படியே தலைகீழாயிடுது. சொல்லுக்குச் சொல் வச்சாச்சு, பொருள் போச்சு.

நம்ம மொழியிலயே இதுக்கு வேர் தனித்தனியா இருக்கு. நம்பாம இருக்கிறது ஒண்ணு, மறுக்கிறது ஒண்ணு, எதிர்க்கிறது இன்னொண்ணு. அதனால நம்பாநிலை, மறுப்புநிலை, எதிர்ப்புநிலைன்னு வைக்கலாம்னு என் யோசனை. "இறைமறுப்பாளர்"ங்கிறதை எல்லாருக்கும் பொதுச்சொல்லா வைக்கிறதுலயும் எனக்கு இதே மனக்குறைதான், மறுக்கணும்னா முன்னாடி யாராவது ஒரு கூற்றை வச்சிருக்கணும் இல்லையா, கடவுள் பேச்சே இல்லாத வீட்டுல வளர்ந்த ஒருத்தர் எதை மறுத்தார்னு சொல்லுவீங்க? பொதுச்சொல்லா நாத்திகர் இருக்கட்டும். அதுவும் வடமொழி மரபுல வேதத்தை ஏத்துக்காதவரைக் குறிச்ச சொல்தான், அதனாலதான் படைப்புக் கடவுளை ஏத்துக்காம வேதத்தை மட்டும் ஏத்துக்கிற மீமாம்சைங்கிற தத்துவ மரபு ஆத்திகத் தரிசனமா எண்ணப்பட்டுது, பௌத்தமும் சமணமும் நாத்திகம் ஆச்சு. ஆனா இன்னிக்குத் தமிழ்ல அந்தப் பழைய பொருள் பெரும்பாலும் போயிடுச்சு, கடவுள்னு மட்டும்தான் எல்லாரும் புரிஞ்சுக்கிறாங்க.

> இறையிலி?

கேக்க ரொம்ப அழகா இருக்கு, ஆனா கல்வெட்டுல இறையிலின்னா வரி நீக்கின நிலம், கோயிலுக்கு விட்ட நிலத்துக்கே அந்தப் பேர் உண்டு, அதனால முடியாது. மத்தபடி -இலி வசவுச்சொல் மாதிரி இருக்குன்னு ஒரு அம்மா எழுதியிருந்தாங்க, அது எனக்குச் சரியாப் படல. அறிவிலின்னு திட்டுறோம்தான், ஆனா சிவனையே பிறப்பிலின்னு பாடியிருக்காங்களே.

அடுத்து அக்னாஸ்டிக். 1869-ல ஆங்கிலேய உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லி உண்டாக்கின சொல் இது. அறியொணாவாதின்னு நாம எழுதிட்டு வர்றோம், ஆனா "யாராலயும் அறியவே முடியாது"ங்கிறது ஒரு வாதம், "எனக்குத் தெரியல, ஆதாரம் இல்லாம தெரியும்னு சொல்ல மாட்டேன்"ங்கிறது வேற, ஹக்ஸ்லி அழுத்திச் சொன்னது இந்த ரெண்டாவதைத்தான். அறியொணாநிலை, அறியாநிலைன்னு ரெண்டையும் பிரிச்சே வைக்கலாம். ஒரே ஆள் அறியாநிலையிலயும் இருப்பார், நம்பாநிலையிலயும் இருப்பார், ரெண்டும் மோதாது. இதனாலதான் "வகை"ங்கிற சொல்லே இங்க உறுத்துது, வகைன்னா ஒருத்தர் ஒரு பெட்டியிலதான் இருக்க முடியும், நிலைன்னா அப்படி இல்ல.

இப்ப மதிப்பீடு விஷயத்துக்கு வர்றேன், எனக்கு முக்கியமாப் படுறது இதுதான். பகுத்தறிவாளர்னும் நாத்திகர்னும் மாத்தி மாத்தி எழுதிட்டே இருக்கோம். 2019-ல வெளிவந்த ஒரு ஆய்வறிக்கையில பிரேசில், சீனா, டென்மார்க், ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கான்னு ஆறு நாட்டு நம்பிக்கையில்லாதவங்களைக் கேட்டிருந்தாங்க. கடவுளை நம்பாத பலர் விதி, மறுபிறப்பு மாதிரி வேற ஏதாவது ஒண்ணை நம்பத்தான் செய்யுறாங்கன்னு வந்துது. வாழ்க்கையில முக்கியம் எதுன்னு கேட்டா குடும்பம், சுதந்திரம்னு மத்தவங்க சொல்றதையேதான் பெரும்பாலும் இவங்களும் சொல்லியிருக்காங்க. அப்போ நாத்திகர்ங்கிற ஒரே சொல்லை வச்சு அவர் எப்படிச் சிந்திப்பார், எதை மதிப்பார்னு நாம எப்படி முடிவு கட்டுறது? பகுத்தறிவாளர்ங்கிறது சிந்திக்கிற முறைக்கான சொல்லாவே இருக்கட்டும்.

சில்வர், கோல்மன்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் நம்பிக்கையில்லாதவங்களை ஆறு வகையாப் பிரிச்சாங்க, அதுல கடைசியா வர்றதை ஒருத்தர் "சடங்கு நாத்திகர்"னு போட்டிருக்கார், அது சடங்குக்காக மட்டும் நாத்திகரா இருக்கிறவர்னு ஆயிடுது. நம்பிக்கை இல்லாமலே சடங்கோட அழகுக்காகவோ சொந்தபந்தத்தோட சேர்ந்து இருக்கிறதுக்காகவோ கலந்துக்கிறவங்க அவங்க. "சடங்கேற்கும் நாத்திகர்"னு விரிச்சு எழுதினா ஒண்ணும் குறைஞ்சு போகாது.

எனக்கு விடை கிடைக்காதது ஹியூமனிஸ்ட்தான், அதாவது கடவுளைச் சார்ந்து இல்லாம மனுஷங்களோட அறிவையும் நலனையும் அடிப்படையா வைக்கிற கொள்கைக்காரர். மனிதநேயர்னு வச்சா அந்தக் கொள்கையில சேராத நாத்திகர் எல்லாம் ஈவு இரக்கம் இல்லாதவர்னு ஆயிடும், சேராத ஆத்திகரும் அப்படித்தான். ஏன்னா மனிதநேயம்னா தமிழ்ல இரக்கம், ஒரு தத்துவத்தோட பேர் இல்ல. மானுடக் கொள்கையர்னு ஒண்ணு யோசிச்சேன், மனசுக்கு ஒட்டல. மானுடம்ங்கிறதை விட்டுட்டு வேற வேர்லேருந்து யாராவது முயற்சி பண்ணிப் பாருங்க, அது வர்ற வரைக்கும் அந்த ஒரு வரியைப் பட்டியல்ல காலியாவே விட்டு வைக்கலாம்.

அன்புடன்