எந்த லைனுக்கு எத்தனை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

வேளச்சேரிவாசி:

எங்களுக்கு மேல்மாடியில் குடியிருப்பவர்கள் வீட்டில் படுக்கையறை எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்), காலை ஆபீஸ் கிளம்பும் நேரத்தில் மட்டும் ட்ரிப் ஆகிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க ஏசி ஓடும், ஒன்றும் ஆகாது. காலையில் ஏசியை நிறுத்தாமல் கீசரையும் போட்டு, அயர்ன் பாக்ஸையும் செருகினால் கொஞ்ச நேரத்தில் டப். வந்த எலக்ட்ரீஷியன் 16 ஆம்ப்ஸைக் கழற்றிவிட்டு 32 ஆம்ப்ஸ் மாட்டினார். "இனிமே விழாது சார்" என்றாராம். உண்மைதான், விழவில்லை. சில வாரத்தில் பிளக் போர்டு பக்கம் கருகல் வாடை அடித்தது.

போர்டைத் திறந்தபோது நானும் இருந்தேன். சிவப்பு வயர் பழுப்பாகியிருந்தது. வளைத்தால் உறை பொடிப்பொடியாக உதிர்ந்தது. பைப்புக்குள்ளிருந்து கொஞ்சம் இழுத்துப் பார்த்தால் உறையின்மேல் 1.5 என்று அச்சு. லைட்டுக்கும் ஃபேனுக்கும் இழுக்கிற வயர்! 1.5 டன் ஏசி சுமாராக 8 ஆம்ப்ஸ், 2000 வாட்ஸ் கீசர் 9, அயர்ன் பாக்ஸ் 4. ஆக 21. பைப்புக்குள் அடைபட்ட 1.5 ஸ்கொயர் செம்பு வயர், சென்னை வெயிலில் 15 தாங்கினாலே பெரிய விஷயம். எம்சிபி வைத்திருப்பதே வயரைக் காப்பாற்றத்தான். அதைப் பெரிதாக்கிவிட்டால் அப்புறம் சுவருக்குள் இருக்கிற வயர்தான் ஃபியூஸ்.

இப்போது ஏசிக்குத் தனியாக 4 ஸ்கொயர், 20 ஆம்ப்ஸ் எம்சிபி. கீசருக்குத் தனியாக 2.5 ஸ்கொயர், 16 ஆம்ப்ஸ். பழைய பைப்பில் இவ்வளவு வயர் நுழையவில்லை, சுவர்மேல் கேசிங் பட்டி ஓட்டினார்கள். அந்த வீட்டம்மாவுக்கு இன்னும் அதில் வருத்தம்.

ஒட்டன்சத்திரத்துக்காரன்:

ஆம்ப்ஸை மட்டும் பார்த்தால் போதாது, தூரமும் பார்க்கணும். எங்கள் போர் மோட்டார் 1 எச்பி, சிங்கிள் ஃபேஸ், வீட்டிலிருந்து 60 மீட்டர். ஓடும்போது 7 ஆம்ப்ஸ்தான் என்று 1.5 ஸ்கொயரில் இழுத்திருந்தார்கள். சாயங்காலம் கரண்ட் கம்மியாக வரும்போது மோட்டார் உறுமும், சுற்றாது. கபாசிட்டர் மாற்றியும் அதே கதை.

கடைசியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்தான் மோட்டார் முனையில் வோல்ட் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னார். போகவர 120 மீட்டர் வயர். கிட்டத்தட்ட ஒன்றரை ஓம் தடை. ஓட ஆரம்பித்துவிட்டால் 10 வோல்ட் போகும், பரவாயில்லை. ஆனால் கிளம்பும்போது மோட்டார் அஞ்சு மடங்கு கரண்ட் இழுக்குமே, அப்போது 50 வோல்ட் வயரிலேயே போய்விடுகிறது. 4 ஸ்கொயர் மாற்றியதும் சுவிட்சைத் தட்டினால் தண்ணீர்.

காரைக்குடி பழைய வீடு:

எங்கள் வயர்மேன் பெரியவர். சீட்டில் இன்னமும் 3/20, 7/20 என்றுதான் எழுதித் தருவார். கடைப்பையனுக்குப் புரியவில்லை, 3/20க்கு 1.5 காயிலை எடுத்து நீட்டினான். 20 கேஜ் கம்பி மூன்று இழை என்றால் கிட்டத்தட்ட 2 ஸ்கொயர் வரும், எனவே 2.5 வாங்கணும். 7/20 நாலரைக்குக் கொஞ்சம் மேலே. ஏசி லைனுக்கு என்றால் 4 போதும். மீட்டரிலிருந்து உள்ளே வரும் மெயினுக்கு என்றால் 6 எடுங்கள் என்று பெரியவரே போனில் சொல்லிவிட்டார்.