24 வீடு, 2.5 லட்சம் ரூபாய்: மழைநீருக்குச் செலவழிப்பதா, லாரிக்கே கொடுப்பதா?

மடிப்பாக்கம்24 கேட்டது:

வணக்கம். மடிப்பாக்கத்தில் 4 கிரவுண்டில் 24 வீடுகள் உள்ள அடுக்ககம். மொட்டை மாடி 5,400 சதுர அடி. மற்ற இடமெல்லாம் சிமெண்ட் தரையும் பேவர் பிளாக்கும்தான், மண் தரை கிடையாது. போர் இரண்டு: 60 அடியில் ஒன்று, 240 அடியில் ஒன்று. மார்ச் கடைசியில் இரண்டும் காற்றைத்தான் இழுக்கும். தண்ணீர் வரும் மாதங்களிலும் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) 1,800. சம்ப் (தரைக்கடித் தொட்டி) 30,000 லிட்டர். ஏப்ரல் முதல் ஜூலை வரை தினம் 12,000 லிட்டர் லாரி ஒன்று, லோடு 1,600 ரூபாய். 120 நாளுக்கு 1,92,000 ரூபாய் போகிறது.

மழைநீர்த் தொட்டி என்று இரண்டு இருக்கிறது. 3 அடி ஆழம், உள்ளே முழுக்க ஜல்லி. பத்து நிமிஷ மழையில் நிரம்பி ரோட்டுக்கு ஓடிவிடும்.

அசோசியேஷனில் 2.5 லட்சம் ஒதுக்கியிருக்கிறார்கள். பாதிப் பேர் உறைக்கிணறு (சிமெண்ட் வளையம் அடுக்கி, மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் கிணறு) இறக்கச் சொல்கிறார்கள், பாதிப் பேர் அது வீண் செலவு என்கிறார்கள். கேள்விகள் மூன்று. செலவழித்தால் லாரி உண்மையில் குறையுமா? பணத்தை எதில் முதலில் போடுவது? மாடித் தண்ணீரை நேராக 240 அடி போருக்குள் விட்டுவிடலாம், செலவே இல்லை என்கிறார் ஒரு காண்ட்ராக்டர்; செய்யலாமா?

உறைவேலை எழுதியது:

மூணாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன்: போருக்குள்ள நேரா விடாதீங்க சார். 240 அடி போர்ல கேசிங், அதாவது மண்ணு சரியாம இறக்குற பைப், பாறை வரைக்கும்தான் இருக்கும். அதுக்குக் கீழே தண்ணி வர்றது பாறை வெடிப்பு வழியா, நூல் அகலத்துல இருக்கிற ஊற்றுக்கண் அது. மாடித் தூசி, பாசி, புறா எச்சம், சிமெண்ட் துகள் எல்லாம் போய் அந்த வெடிப்புல அடைச்சா திரும்ப எடுக்க வழியில்லை. கம்ப்ரசர் வெச்சு ஊதினாலும் பாதிதான் வரும். கிருமி போச்சுன்னா உங்க போரோட நிக்காது, அதே வெடிப்புல தண்ணி எடுக்கிற பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துப் போகும்.

இப்போ கணக்கு. 5,400 சதுர அடின்னா ஏறத்தாழ 500 சதுர மீட்டர். சென்னைக்கு வருஷ சராசரி மழை 1,400 மி.மீ. பக்கம். ஆவியாறது, வழியறது போக 80 சதவீதம் பிடிக்கலாம்னு வெச்சா வருஷத்துக்கு 5,60,000 லிட்டர். உங்க லாரி அளவுல 46 லோடு.

ஆனா அது மொத்தமா வந்து கொட்டுற தண்ணி. 100 மி.மீ. பெய்யுற நாள்ல உங்க மாடியில மட்டும் 50,000 லிட்டர் விழும். 3 அடி அகலம், 15 அடி ஆழ உறைக்கிணறு கொள்றது 3,000 லிட்டர்தான். அதனால உறைக்கிணறைத் தொட்டின்னு நினைக்காதீங்க, அது மண்ணுக்குள்ள போற வாசல். சேமிக்கிற இடம் உங்க சம்ப். முதல்ல சம்ப், நிரம்பினா உறைக்கிணறு, அதுவும் நிரம்பினாதான் ரோடு. இந்த வரிசையில பைப் போடுங்க. 20 மி.மீ. தூறல்லகூட 8,000 லிட்டர் சம்புக்கு வரும்.

தப்பு நடக்கிற இடம் முதல் மழைக் கழிவு. முதல் ஒன்றரை மி.மீ. மழைதான் மாடியைக் கழுவும், உங்க மாடிக்கு அது 750 லிட்டர். நிறைய இடத்துல 4 இன்ச் பைப்பை 3 அடி நீட்டி மூடி போட்டுட்டு ‘ஃபர்ஸ்ட் ஃபிளஷ்’னு சொல்லிடறாங்க. 4 இன்ச் பைப் ஒரு மீட்டருக்குக் கொள்றதே 8 லிட்டர்தான். ஏழு லிட்டரைக் கழிச்சுட்டு மிச்ச அழுக்கை சம்புக்கு அனுப்புற வேலை அது. ஒவ்வொரு இறக்கு பைப்புக்கும் 100, 150 லிட்டர் டிரம் வெச்சு, அடியில சின்ன வால்வைக் கொஞ்சமா திறந்தே விடுங்க, மழை விட்டதும் தானா வடிஞ்சுடும்.

இறக்கு பைப் எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. 80, 85 சதுர மீட்டர் மாடிக்கு 4 இன்ச் பைப் ஒண்ணு வேணும், உங்களுக்கு ஆறு. நாலுதான் இருக்குன்னா பெரிய மழையில மாடியிலேயே தேங்கி, ஓதம் இறங்கும்.

ஃபில்டர் 3க்கு 3 அடி சேம்பர் போதும். கீழே 40 மி.மீ. ஜல்லி ஒரு அடி, மேலே 20 மி.மீ. ஜல்லி அரை அடி, நைலான் வலை, அதுக்கு மேல பருமணல் அரை அடி. மேலே ஒரு அடி சும்மா விடுங்க. அந்த அளவு மணல் ஒரு மணி நேரத்துக்கு 5,000 லிட்டருக்கு மேல விடாது. மணிக்கு 50 மி.மீ. கொட்டும்போது வர்றது 25,000. அதனால ஃபில்டருக்கு முன்னாடியே ஓவர்ஃப்ளோ பைப் வெச்சு உறைக்கிணத்துக்குத் திருப்பணும். எம்-சாண்ட் (கல்லை உடைச்சுச் செய்யுற மணல்) போட்டா தூசி போக நாலஞ்சு தடவை கழுவுங்க, இல்லன்னா முதல் மழையிலேயே இறுகிடும்.

நீர்க்கணக்கு எழுதியது:

மேலே சொன்ன வேலை முறை சரி. ஆனால் முதல் கேள்விக்கு இன்னும் நேரான பதில் வரவில்லை. லாரி வருவது ஏப்ரல் முதல் ஜூலை வரை. மழை நீர் சம்புக்கு வருவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களில் போரிலேயே தண்ணீர் இருக்கும். ஆகவே சம்பில் பிடிக்கும் மழை, லாரிச் செலவை நேராகக் குறைக்காது. குறைப்பது மோட்டார் ஓடும் நேரத்தையும் உப்பையும்தான். 1,800 டிடிஎஸ் தண்ணீரும் மழைநீரும் பாதிக்குப் பாதி கலந்தால் 900 சொச்சத்துக்கு வரும். கீசர் காயில், ஷவர், வாஷிங் மெஷின், ஆர்ஓ மெம்பிரேன் எல்லாம் நீண்ட நாள் உழைக்கும். அது 24 வீட்டு ஆதாயம், அசோசியேஷன் கணக்கில் மட்டும் தெரியாது.

கோடையில் லாரியைக் குறைக்க ஒரே வழி, செலவாகும் தண்ணீரைக் குறைப்பது. 24 வீட்டில் வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 12,960 லிட்டர். இதில் கழிவறைத் தொட்டியை மட்டும் பாருங்கள். பழைய 10 லிட்டர் தொட்டி, ஆளுக்கு 5 தடவை என்றால் ஒரு வீட்டுக்கு 200 லிட்டர். 3/6 லிட்டர் இரட்டைப் பொத்தான் தொட்டி மாற்றினால் சராசரி 4 லிட்டர், ஆக 80 லிட்டர். மிச்சம் 120. 24 வீட்டுக்கு நாளொன்றுக்கு 2,880 லிட்டர், 120 நாளில் 3,45,600 லிட்டர். கிட்டத்தட்ட 29 லாரி, 46,000 ரூபாய். இது ஒவ்வொரு கோடையும் கிடைக்கும். தொட்டியை மாற்றும்போது கீழே இருக்கும் கோப்பையும் குறைந்த தண்ணீருக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். பழைய கோப்பையில் 3 லிட்டர் போதாமல் இரண்டு முறை அழுத்தினால் சேமிப்பு போய்விடும். அப்படியானால் தொட்டிக்குள் மிதவையை இறக்கி 6, 7 லிட்டருக்குக் கொண்டுவருவது மேல்.

சமையலறைக் குழாய்க்கு ஏரேட்டர் (தண்ணீரோடு காற்றைக் கலந்து செலவைக் குறைக்கும் சல்லடை முனை) போடுங்கள். உங்கள் உப்புக்கு மாதம் ஒரு முறை அடைக்கும்; கழற்றி ஒரு இரவு வினிகரில் போட்டால் சரியாகும். மாடித் தொட்டி வழிவதைத் தடுக்கும் தானியங்கிக்கு, கம்பி முனை சென்சார் வேண்டாம், உப்புப் படிந்து ஏமாற்றும். மிதவை சுவிட்ச் வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில், வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர். பராமரிப்புத் தொகை சதுர அடிக்கணக்கில் இருக்கும் வரை சொட்டும் குழாயை யாரும் பார்க்க மாட்டார்கள். குளியலறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று தனித்தனிக் குழாய் இறங்கும் பழைய கட்டடம் என்றால் வீட்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் வேண்டியிருக்கும். பிளம்பரிடம் முதலில் எண்ணச் சொல்லுங்கள்.

ஏரிக்கரை எழுதியது:

நீர்க்கணக்கு சொல்வதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். உறைக்கிணற்றைக் கோடைச் செலவோடு நேராகப் பொருத்திப் பார்த்தால் அது எப்போதும் தோற்கும். அந்த லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நகரத்துக்கு வெளியே விவசாயக் கிணறும் போரும்தான் பெரும்பங்கு. நெல் விளைவிப்பதைவிடத் தண்ணீரை விற்பதில் வருமானம் அதிகம் என்றானதும் வயல் தரிசாகிக் கிணறு மட்டும் ஓடுகிறது. வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி இறைத்துக் கடல் நீர் உள்ளே வந்தது பல பத்தாண்டுப் பழைய செய்தி. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) ஐடி கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னன. இன்று நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் எரிகிறது. மேலே விழும் தண்ணீரை ரோட்டுக்கு விட்டுவிட்டுக் கடல் தண்ணீரில் உப்பை நீக்கிக் குடிக்கிற ஊராகிவிட்டோம் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

ஆனால் உங்கள் இடத்துக்கு ஒரு எச்சரிக்கை. மடிப்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் விளிம்பு. நவம்பர் கடைசியில் நிலத்தடி நீர் மேலேறி, கிணற்றுக்குள் சில அடியிலேயே தண்ணீர் நிற்கும். அப்போது உறைக்கிணறு எதையும் உறிஞ்சாது. அது வேலை செய்வது ஜூன் முதல் அக்டோபர் நடு வரை. தென்மேற்குப் பருவத்திலும் சென்னைக்கு 400 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. எல்லோரும் அக்டோபரில்தான் தூர் வாருகிறார்கள், அதற்குள் நல்ல மாதங்கள் போய்விடும். மே மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

தோண்டும் முன் சோதனை: உறை இறக்கும் இடத்தில் ஒரு அடி அகலம், 3 அடி ஆழத்துக்குக் குழி. இரண்டு முறை நிரப்பி ஊற விட்டு, மூன்றாம் முறை ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். 4 இன்ச்சுக்கு மேல் இறங்கினால் உறை மட்டும் போதும். ஒரு இன்ச்கூட இறங்காவிட்டால் களிமண். களி உடையும் ஆழம் வரை போக வேண்டும். 15 அடியிலும் களிதான் என்றால், கிணற்றுக்குள்ளேயே 6 இன்ச் துளை 20, 30 அடிக்குப் போட்டு, துளையிட்ட பிவிசி பைப் இறக்கி வலை சுற்றுங்கள். அந்தப் பைப்பின் வாய் கிணற்று அடியிலிருந்து 3 அடி உயரத்தில் நிற்கட்டும், வண்டல் கீழே தங்கும்.

கிணற்று அடியில் கான்கிரீட் போட விடாதீர்கள். ஜல்லி ஒரு அடி போதும். உங்கள் பழைய தொட்டிபோல வாய் வரை கல்லை நிரப்பினால் பாதிக்கு மேல் இடம் கல்லுக்கே போய்விடும். மேல் உறை, 2015-லும் 2023 மிக்ஜாமிலும் உங்கள் தெருவில் நின்ற தண்ணீரின் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். தெருவெள்ளம் என்றால் சாக்கடையும் கலந்ததுதான், அது கிணற்றுக்குள் போகக் கூடாது. கார் நிறுத்துமிடத்துத் தண்ணீரில் எண்ணெய் இருக்கும். வாசல் கேட் அருகே கிராதி போட்ட வாய்க்கால், வண்டல் குழி, பிறகு ஆழமில்லாத தனி உறை, அவ்வளவுதான்.

மடிப்பாக்கம்24 எழுதியது:

மிக்க நன்றி. இன்னும் ஒன்று. மாடியில் துணி துவைக்கும் கல் இருக்கிறது, புறாத் தொல்லையும் உண்டு. அந்தத் தண்ணீர் சம்புக்கு வரலாமா? போன வெள்ளத்தில் சம்புக்குள் தெருத் தண்ணீர் புகுந்தது, இனி என்ன செய்வது?

உறைவேலை எழுதியது:

துவைக்கிற கல் இருக்கிற பக்கத்துக்குச் சின்னதா தடுப்பு கட்டி, அந்த ஒரு இறக்கு பைப்பைச் சாக்கடைக்கே விட்டுடுங்க. சோப்புத் தண்ணி மணல்ல படிஞ்சா ஃபில்டர் வழவழன்னு ஆயிடும். புறா எச்சத்துக்கு, முதல் மழையைக் கழிக்க நான் சொன்ன டிரம் உதவும். ஆனாலும் இந்தத் தண்ணி குளிக்க, துவைக்க, ஃபிளஷுக்குத்தான், குடிக்கக் காய்ச்சணும்.

வெள்ளம் புகுந்த சம்பை முழுக்க இறைச்சு, சேறு அள்ளி, சுவரைத் தேய்ச்சுக் கழுவுங்க. அப்புறம் நல்ல தண்ணி நிரப்பி 1,000 லிட்டருக்கு 150 கிராம் புது பிளீச்சிங் பவுடர், தனி வாளியில கரைச்சுத் தெளிவை மட்டும் ஊத்தி, 12 மணி நேரம் விட்டு வெளியேத்துங்க. இந்தத் தண்ணியை யாரும் புழங்கக் கூடாது. உள்ளே ஆள் இறங்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூடியும் திறந்து நல்லா காத்தோட விடணும், மேலே ஒருத்தர் நிக்கணும்.

கடையில ஹெச்2எஸ் சோதனைக் குப்பி (தண்ணியில கழிவுக் கிருமி இருக்கான்னு காட்டுற குப்பி) கிடைக்கும். சம்ப் தண்ணியை அதுல கோடு வரைக்கும் பிடிச்சு வீட்டுச் சூட்டுலேயே வெச்சுடுங்க. 48 மணி நேரத்துக்குள்ள கருத்துப்போச்சுன்னா கழிவு கலந்திருக்குன்னு அர்த்தம், மறுபடி குளோரின் போடுங்க.