விறகு பாய்லர் ரிட்டர்ன் சூடு: பைபாஸ் பம்ப் போதுமா, மூன்று வழி வால்வு வேண்டுமா?

குழாய்முனை:
30 கிலோவாட் விறகு பாய்லர், 1500 லிட்டர் சேமிப்பு டேங்க் என்று வைத்துக்கொள்வோம். ரிட்டர்ன், அதாவது பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர், 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. இதற்கு மூன்று வழி தெர்மோஸ்டாட் வால்வு (பைபாஸின் வெந்நீரையும் டேங்கின் குளிர்ந்த தண்ணீரையும் சூடு பார்த்துக் கலந்து பாய்லருக்கு அனுப்புவது) தேவையில்லை என்பது என் கட்சி. சப்ளைக்கும் (பாய்லரிலிருந்து போகும் வெந்நீர் லைன்) ரிட்டர்னுக்கும் நடுவே ஒரு பைபாஸ் குறுக்கு லைன், அதில் ஒரு சின்ன பம்ப். ரிட்டர்ன் பைப்பில் கட்டிய தெர்மோஸ்டாட் 60-க்குக் கீழே பம்பை ஓட்டும். சிக்கிக்கொள்ள வால்வே இல்லை. மறுப்பவர்கள் கணக்கோடு வாருங்கள்.

தணல்:
டேங்க் பம்ப் மணிக்கு 2 கன மீட்டர், பைபாஸ் பம்ப் 1 கன மீட்டர் தள்ளுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். டேங்க் அடியிலிருந்து வருவது 30 டிகிரி. பாய்லர் வழியே மொத்தம் 3 கன மீட்டர் ஓடுகிறது. 30 கிலோவாட் அதை 8.6 டிகிரிதான் ஏற்றும். கணக்குப் போட்டால் சப்ளை 43, பாய்லருக்குள் நுழைவது 34. உங்கள் பம்ப் ஓயாமல் ஓடினாலும் 60 வராது, ஏனென்றால் குளிர்ந்த தண்ணீர் உள்ளே வருவதை எதுவும் தடுக்கவில்லை. 34 டிகிரியில் உள்சுவர் வியர்க்கும். புகையின் நீராவி தகட்டில் படிந்து, அமிலமும் தாருமாக அரிக்கும். விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் இன்னும் மோசம்.

குழாய்முனை:
கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். அதே தெர்மோஸ்டாட் டேங்க் பம்பையும் நிறுத்தினால்? 60 வரும்வரை பைபாஸ் மட்டும் ஓடும்.

தணல்:
பாய்லர் பிழைக்கும், ஆனால் நடப்பதைப் பாருங்கள். டேங்க் பம்ப் ஓடியதும் 30 டிகிரி தண்ணீர் ஒரே தள்ளாக உள்ளே போகும், பிறகுதான் தெர்மோஸ்டாட் உணர்ந்து நிறுத்தும். எரியும் நேரம் முழுக்க இதே கதை. சூடான தகட்டில் திரும்பத் திரும்பக் குளிர் அடித்தால் வெல்டிங் தாங்காது. டேங்கின் வெந்நீர் அடுக்கும் கலையும். மெழுகுத் தெர்மோஸ்டாட் உள்ள வால்வு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும், அதற்குக் கரண்டும் வேண்டாம்.

சப்ளை 80, டேங்க் ரிட்டர்ன் 30 என்றால் 60 கிடைக்க பாய்லர் ஓட்டத்தில் 60 சதவீதம் பைபாஸில் வர வேண்டும். 20 டிகிரி வித்தியாசத்துக்கு மொத்த ஓட்டம் மணிக்கு 1.3 கன மீட்டர்; அதில் 0.78 பைபாஸில். ஆகவே மெயின் லைன் 28 மி.மீ. காப்பர் என்றால் பைபாஸும் 28 தான். பலர் அரை அங்குலம் போட்டுவிட்டு வால்வைத் திட்டுகிறார்கள்.

மூன்றுவழி:
இடத்தையும் சொல்லிவிடுகிறேன். வால்வு ரிட்டர்னில், பம்ப் வால்வின் கலப்பு வாய்க்கும் பாய்லருக்கும் நடுவே. டேங்க் பக்க வாயில் பம்ப் வைத்தால், வால்வு மூடியிருக்கும்போது பம்ப் சும்மா முட்டிக்கொண்டு நிற்கும், பைபாஸில் ஓட்டமே இருக்காது. வால்வை சப்ளையில் வைத்தால் அது சப்ளை சூட்டைத்தான் பார்க்கும். சப்ளை சூடேறி அது திறந்ததும் ரிட்டர்ன் குளிர்ந்தே வரும். பைபாஸில் ஒரு பேலன்சிங் வால்வு (ஓட்டத்தை அளவாகக் குறைப்பது) அவசியம். டேங்க் லைன் நீளம், பைபாஸ் குட்டை. தண்ணீர் சுலபமான வழியில்தான் ஓடும்.

ஈரவிறகு:
வால்வில் 60 டிகிரி எலிமென்ட் (எந்தச் சூட்டில் திறக்கும் என்பதைத் தீர்மானிக்கும் மெழுகுப் பகுதி) எதற்கு? 72 போடுங்கள். தார் இன்னும் குறையும், டேங்க் மேல்பகுதியும் முதலிலிருந்தே சூடாக நிரம்பும்.

தணல்:
தவறான யோசனை. எலிமென்ட் திறக்கத் தொடங்கி ஏறத்தாழ 10 டிகிரிக்குப் பிறகுதான் பைபாஸ் முழுதாக மூடும். 72 என்றால் 82. எரிப்பின் கடைசியில் டேங்க் அடி 70 ஆகும்போது 60 எலிமென்ட் முழுதாகத் திறந்திருக்கும், சப்ளை 90-ல் நிற்கும். 72-ல் பைபாஸ் இன்னும் ஓரளவு திறந்திருக்கும், சப்ளை 95-ஐத் தாண்டும்.

ஈரவிறகு:
கடைசி விறகைக் குறைத்துப் போட்டால் அது வராது. நான் 72 பக்கம்தான்.

குழாய்முனை:
எலிமென்ட் இருக்கட்டும். கரண்ட் போனால்? பம்ப் நின்றதும் வால்வைச் சுற்றிய தண்ணீர் ஆறும், டேங்க் வாய் மூடிக்கொள்ளும். பாய்லரில் விறகு எரிந்துகொண்டிருக்க, சூடு தானாக டேங்குக்கு ஏறும் வழியும் அடைபடும். என் பைபாஸில் அந்த வழி திறந்தே இருக்கிறது.

மூன்றுவழி:
நல்ல கேள்வி, பலர் விடுவது இதைத்தான். வால்வையும் பம்பையும் தாண்டி, டேங்க் ரிட்டர்னிலிருந்து பாய்லர் ரிட்டர்னுக்கு ஒரு இணை லைன் கொடுங்கள். அதில் மடல் வகை என்.ஆர்.வி. (ஒரு பக்கம் மட்டும் ஓட விடும் வால்வு), ஸ்பிரிங் வகை கூடாது. வெந்நீர் தானாக ஏறும் மெல்லிய விசை ஸ்பிரிங்கைத் திறக்காது. பம்ப் ஓடும்போது அழுத்தம் மடலை மூடும், நின்றதும் தானாகத் திறக்கும். டேங்க் பாய்லருக்குச் சமமட்டத்திலோ மேலேயோ இருக்க வேண்டும், சப்ளை பைப் ஏறுமுகமாக, காற்று தங்கும் வளைவு இல்லாமல். சேஃப்டி வால்வு இவற்றோடு இருந்தே ஆக வேண்டும்.

குழாய்முனை:
அந்த மடல் இருந்தால் டேங்க் உள்ள இடத்தில் வால்வை ஏற்கிறேன். வால்வுக்கு முன்னால் ஸ்ட்ரெய்னரும் (கசடு வடிகட்டி), மூன்று வாயிலும் பால் வால்வும் போடுங்கள். கசடு சேர்ந்தால் எலிமென்டைக் கழற்ற மொத்த லைனையும் வடிக்க வேண்டியிருக்காது.