சபர்பன்ல 28 அடி டிரெய்லர் இழுக்கலாமா? டீலர் ஓகேங்கறாரு, எனக்கு பயமா இருக்கு

லாஸ்பேட்டை பையன்:
வணக்கம், நான் புதுச்சேரி. அக்கா மாமா டெக்சாஸ்ல ஹூஸ்டன் பக்கம் இருக்காங்க, வர்ற ஜூன்ல அப்பா அம்மாவும் அங்க போறாங்க, எல்லாரையும் கூட்டிக்கிட்டு கிராண்ட் கேன்யன் வரைக்கும் போகலாம்னு மாமா ஒரு டிராவல் டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற சக்கரம் வச்ச வீடு, வாங்கப் போறாரு. வண்டி செவர்லே சபர்பன், 5.3 லிட்டர் வி8, இழுக்கற கெபாசிட்டி 8,000 பவுண்டு, நம்ம கணக்குல 3,600 கிலோ சொச்சம். டிரெய்லர் 28 அடி, பசங்களுக்கு பங்க் பெட் இருக்கற மாடல், பிரோஷர்ல 6,200 பவுண்டு அதாவது 2,800 கிலோ. இன்னும் 800 கிலோ மிச்சம் இருக்கு தாராளமா இழுக்கும்னு டீலர் சொல்றாராம். மொத்தம் ஆறு பேரு, அதுல ரெண்டு சின்ன பசங்க. அப்பா அம்மா உக்காந்து போற வண்டி, அதான் கேக்கறேன், விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மஞ்சக்குப்பம் ரிட்டர்ன்:
தம்பி, டீலர் சொல்றது இழுக்கற கணக்கு. சுமக்கற கணக்கு வேற, அதை அவரு சொல்லவே இல்ல. நான் டல்லாஸ்ல இருந்தப்ப டிரெய்லர் வச்சிருந்தவன், இந்த மாதிரி பெரிய எஸ்யூவியில முதல்ல தீந்து போறது பேலோடு, அதாவது வண்டி சுமக்கக்கூடிய பாரம்தான், இன்ஜினுக்கு தெம்பு இருந்துக்கிட்டே இருக்கும். டிரைவர் கதவைத் திறந்தா கதவு வந்து மூடற தூண்ல மஞ்சள் கலர் வச்ச ஸ்டிக்கர் ஒண்ணு இருக்கும், ஆளுங்களும் சாமானும் சேந்து இதுக்கு மேல போகக்கூடாதுன்னு கிலோ, பவுண்டு ரெண்டுலயும் போட்டிருக்கும், அதை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. நெட்ல பாத்த நம்பர் வேண்டாம், 4 வீல் டிரைவ், சன்ரூஃப்னு ஏற ஏற அந்த நம்பர் இறங்கும், வண்டிக்கு வண்டி மாறும்.

அப்புறம் அந்த 2,800 கிலோ காலி டிரெய்லர். மளிகை, பாத்திரம், துணி, பேட்டரி, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏறுனா 3,300 கிட்ட வந்து நிக்கும், 150 லிட்டர் தண்ணி டேங்க்க ரொப்பிட்டு கிளம்புனா அதுவே 150 கிலோ. டிரெய்லர் மேல ஜிவிடபிள்யூஆர்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், லோடோட சேத்து டிரெய்லர் எடை அதுக்கு மேல போகக்கூடாது, அதை வச்சு கணக்கு போடறதுதான் சரி. அந்த 3,600 கிலோவும் முன்சீட்ல ரெண்டே பேரு, ஆளுக்கு 68 கிலோன்னு வச்சு எடுத்தது, எஸ்ஏஇ ஜே2807னு அதுக்கு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு. நீங்க ஆறு பேரு.

லாஸ்பேட்டை பையன்:
அண்ணா போட்டோ வந்துடுச்சு. 716 கிலோ, 1,580 பவுண்டுன்னு இருக்கு. டிரெய்லர் ஜிவிடபிள்யூஆர் 7,600 பவுண்டாம்.

மஞ்சக்குப்பம் ரிட்டர்ன்:
சரி பாரு. நாலு பெரியவங்க ரெண்டு பசங்க, 380 கிலோ வச்சுக்கோ. வண்டிக்குள்ள பெட்டி, கூலர் பாக்ஸ் 70. டிரெய்லரை மாட்டற ஹிட்ச் சாமானே 45 வரும். 495 ஆச்சு, மிச்சம் 221. இப்போ டிரெய்லர் கொக்கி மேல அழுத்தற பாரம், டங் வெயிட், அது லோடு ஏத்துன டிரெய்லர் எடையில 10-ல இருந்து 15 சதவீதம் இருக்கணும், பன்னெண்டரைன்னு வச்சா, ஜிவிடபிள்யூஆர் 7,600 பவுண்டு, அதாவது 3,450 கிலோவுக்கு 430 கிலோ. இருக்கறது 221, உக்காரப் போறது 430. 200 கிலோவுக்கு மேல ஓவர், அதுவும் பின் ஆக்சில் மேலதான். மாமாகிட்ட இந்த ஒரு கணக்கை மட்டும் காட்டு.

ஈசிஆர் ரைடர்:
வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டா சரியாயிடாதா? யூடியூப்ல எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க

நெல்லிக்குப்பம் டிரைவர்:
நான் அமெரிக்கா போனதில்ல, ஆனா கொக்கி பாரம்னா என்னன்னு தெரியும். சீசன்ல எங்க ஊர் ஆலைக்கு கரும்பு ஏத்திட்டு வர்ற டிராக்டரை பாருங்க, ரெண்டு சக்கர டிரெய்லர்ல முன்பக்கமா கட்டை அதிகமா அடுக்கிட்டா கொக்கி கீழ அமுங்கி, மேடு ஏறும்போது முன்சக்கரம் ரெண்டும் தரையை விட்டு எழும்பும், ஸ்டேரிங்கை ஒடிச்சாலும் வண்டி நேராத்தான் போகும். அதுக்கு பயந்து பின்னாடி அடுக்குனா டிரெய்லர் வாலாட்டும். கார்ல முன்சக்கரம் எழும்பாது, ஆனா லேசாயிடும், பிரேக்கும் திருப்பறதும் அதுல தானே இருக்கு. வயசானவங்கள வச்சுக்கிட்டு இந்த ரிஸ்க் வேண்டாங்க.

மஞ்சக்குப்பம் ரிட்டர்ன்:
டிரைவர் அண்ணன் சொன்னது அப்படியே உண்மை. ரைடர் ப்ரோ, அந்த ஹிட்ச் கட்டாயம் வேணும், பின்னாடி அமுங்கற பாரத்துல கொஞ்சத்தை முன் ஆக்சிலுக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் தள்ளி விடும், ஆனா கதவுல ஒட்டுன 716 அதனால ஏறாது. ஏற்கனவே 200 கிலோ ஓவரா இருக்கற வண்டிய அது காப்பாத்தாது.

தம்பி, 221 கிலோ கொக்கி பாரத்துக்கு லோடோட 1,750 கிலோ டிரெய்லர்தான் சரிப்படும். அதுல ஆறு பேரு படுக்க இடம் பத்தாது. என் யோசனை, டிரெய்லரை வாங்கவே வேண்டாம். கேம்ப்கிரவுண்டுக்கே டிரெய்லரை கொண்டு வந்து நிறுத்திட்டு போற வாடகைக்காரங்க அங்க இருக்காங்க, குடும்பம் சபர்பன்ல நிம்மதியா போய் இறங்கலாம். இல்ல வீடும் வண்டியும் ஒண்ணா இருக்கற மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுக்கட்டும், ஆனா ஆறு பேருக்கும் சீட் பெல்ட் இருக்கான்னு கேட்டுட்டு எடுக்கணும்.

வாங்கியே தீருவேன்னா சின்னதா எடுத்துக்கிட்டு, பெரியவங்க ரெண்டு பேரு கூட வர்ற இன்னொரு கார்ல வரட்டும். டிரெய்லர் இழுக்கறதுக்குன்னே கம்பெனி போட்டுக் குடுக்கற மேக்ஸ் டிரெய்லரிங் பேக்கேஜ் வண்டியில இருக்கான்னு பாக்கணும், அது இல்லன்னா இழுக்கற நம்பரே குறையும். கார்ல இருந்தே டிரெய்லர் பிரேக்கை இயக்கற பிரேக் கன்ட்ரோலர் இல்லாம கிளம்பவே கூடாது. டிரெய்லர் ஆட ஆரம்பிச்சா கார் பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஆக்சிலேட்டரை விட்டுட்டு ஸ்டேரிங்கை நேரா புடிச்சுக்கிட்டு டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால அமுக்கணும். மேற்கு டெக்சாஸ் ஐ-10ல 80 மைல் போர்டு இருக்கும், டிரெய்லர் டயர் நிறைய 65 மைலுக்குத்தான் செஞ்சது, அதுக்கு மேல போனா ஜூன் வெயில்ல வெடிக்கலாம். கேன்யன் சவுத் ரிம் 7,000 அடி உயரம், டர்போ இல்லாத வி8 அங்க திணறும். கிளம்பற அன்னிக்கு எல்லாரும் ஏறி உக்காந்து முழு லோடோட டிரக் ஸ்டாப்ல கேட் ஸ்கேல்னு இருக்கற எடை மேடையில ஏத்தட்டும், முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர்னு தனித்தனியா எடை போட்டு சீட்டு குடுப்பாங்க.

லாஸ்பேட்டை பையன்:
ரொம்ப நன்றிண்ணா. மாமா இன்னும் அட்வான்ஸ் கட்டல, இந்த கணக்கை அக்காவுக்கும் சேத்து அனுப்பிட்டேன். அந்த கொண்டு வந்து நிறுத்தற வாடகை, எத்தனை மாசம் முன்னாடி புக் பண்ணணும்?

மஞ்சக்குப்பம் ரிட்டர்ன்:
ஜூன்ல பள்ளிக்கூட லீவு, கேன்யன் பக்கம் கேம்ப்கிரவுண்டு இடமே சீக்கிரம் தீந்துடும். முதல்ல இடத்தை புடிக்கச் சொல்லு, டிரெய்லரை அப்புறம் பாக்கலாம்.